உலகப் போரில் இறந்த அம்மப்பாவின் படைப் பதிவைத் தேடுவது: யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து கல்லறை வரை

என் அம்மப்பா மலாயாவில் சண்டையில் செத்தவர் என்பது மட்டும்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் படை, எந்த நாள், எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. பதிவைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதில் இரண்டரை வருடம், செய்ய வேண்டியதை ஒழுங்கு மாற்றிச் செய்ததால் வீணாகப் போனது. பிறகு ஊரில் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு உதவி செய்தேன். நான் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள்: எடுத்த எடுப்பில் லண்டனுக்கு எழுதுவது.

லண்டன் ஆவணக் காப்பகம் உங்கள் கதையைக் கேட்காது. பதிவில் உள்ளபடி பெயர், படைப்பிரிவு, படை இலக்கம், இந்த மூன்றையும்தான் கேட்கும். இந்த மூன்றும் கையில் இல்லாமல் எழுதினால் 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும். அதை நம்பி ஆட்கள் தேடலையே விட்டுவிடுகிறார்கள்.

தொடங்க முன் வேண்டியவை அதிகமில்லை. ஒரு சி.ஆர். கொப்பி, படமெடுக்கும் போன், ஒரு மின்னஞ்சல் முகவரி, பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர். கொப்பியில் எந்தத் தகவலை எழுதினாலும் பக்கத்தில் யார் சொன்னது, எங்கே கண்டது என்று குறியுங்கள். ஆறு மாதம் கழித்து 'இது அம்மா சொன்னதா, கடதாசியில் இருந்ததா' என்று குழம்பாமல் இருக்கத்தான்.

1. வீட்டில் உள்ளதை முதலில் படமெடுங்கள்

றங்குப்பெட்டி, அலுமாரியின் அடித்தட்டு, சாமிப்படங்களின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். ஒரு வீட்டில் முக்கியமான கடதாசி லட்சுமி படத்துக்குப் பின்னால் மட்டையாக நின்றது. கண்ணாடி உடைந்து மாற்றக் கொடுத்தபோதுதான் வெளியே வந்தது. அது நினைவுச் சுருள்: 1939–1945 போரில் இறந்தவர்களின் வீடுகளுக்கு அரசர் பெயரில் அனுப்பிய தாள். அதில் பதவி, பெயர், படைப்பிரிவு மூன்றும் எழுதப்பட்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் அதை ஏதோ பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று நினைத்திருந்தார்.

ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படமெடுங்கள். தந்தி, மணியோடர் துண்டு, பென்சன் கடிதம், உறை எதையும் விடவேண்டாம். உறையில் உள்ள முத்திரைத் தேதி சில வேளை உள்ளே இருந்த கடிதத்தை விடப் பெறுமதியானது. சீருடைப் படம் இருந்தால் தோள்பட்டையைப் பெருப்பித்துப் பாருங்கள். பித்தளை எழுத்துகள் படைப்பிரிவின் சுருக்கப் பெயராக இருக்கும். படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும்.

பதக்கங்களில் ஒரு ஏமாற்றம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியா கொடுத்த சேவைப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. ஆகவே பெயர் இல்லையென்று 'இது அவருடையது அல்ல' என்று ஒதுக்கிவிடாதீர்கள். நட்சத்திர வடிவப் பதக்கத்தின் நடுவட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பசிபிக் நட்சத்திரம் என்றால் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம். ஆபிரிக்க நட்சத்திரம் என்றால் எகிப்து, லிபியாப் பாலைவனம். எந்தத் திசையில் தேடுவது என்பதற்கு இது போதும்.

அசல் எதையும் எங்கும் தபாலில் அனுப்ப வேண்டாம். நான் ஓரிடத்துக்கு அனுப்பிய படம் திரும்பி வரவே இல்லை. வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான்.

2. முதியவர்களிடம் கதைக்கும் விதம்

'எந்த ரெஜிமென்ட்?' என்று கேட்டால் 'தெரியாது மோனை' என்றுதான் பதில் வரும். அவர்கள் கண்டதைக் கேளுங்கள். காசு எங்கிருந்து வந்தது? தந்தியைக் கொண்டுவந்தது தபால்காரரா, விதானையாரா? அது நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னா பின்னா? அம்மம்மா பென்சன் எடுக்கக் கச்சேரிக்குப் போனாவா, தபால் கந்தோருக்குப் போனாவா? இப்படிக் கேட்டால் என் பெரியம்மா போன்றவர்கள் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். பென்சன் வந்த வழி தெரிந்தால் சம்பளம் கொடுத்தது எந்த அரசு என்று ஊகிக்கலாம்.

திதியை இறந்த நாள் என்று எடுக்காதீர்கள். புதிதாகத் தேடுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். எங்கள் வீட்டில் ஐப்பசியில் திவசம் செய்வார்கள். அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடியெடுத்து, திதியை ஆங்கிலத் தேதியாக மாற்றி, அந்தத் தேதியை வைத்தே மாதக்கணக்காகத் தேடினேன். கடைசியில் பார்த்தால் அது 1945இல் தந்தி வந்த நாள். ஆள் இறந்தது 1942 பெப்ரவரியில். இடையில் யப்பான்காரன் பிடித்த மலாயாவிலிருந்து இங்கே ஒழுங்கான தபால் இல்லை. அந்த மூன்றரை வருடமும் அம்மம்மா பொட்டோடுதான் இருந்தா.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எப்போது இறந்தார்' அல்ல, 'செய்தி எப்போது வந்தது'. இறந்த நாள் அதற்கு முன் எங்கோ இருக்கிறது. நாள் தெரியாமல் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் மட்டும் கடன் செய்கிற குடும்பம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எந்தத் தேதியையும் நம்பாமல் தொடங்கலாம்.

3. பெயரை எழுத்து எழுத்தாகப் பிரியுங்கள்

எனக்கு அதிக நாள் பிடித்த படி இதுதான். அம்மப்பாவின் பெயரை இங்கே போடவில்லை. உதாரணத்துக்குக் கந்தையா செல்லத்துரை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம்.

நமக்குச் செல்லத்துரைதான் ஆள், கந்தையா அவர் தகப்பன். படையில் பெயர் பதிந்த கிளாக்கருக்குக் கடைசியில் வருவது குடும்பப்பெயர். ஆகவே ஓரிடத்தில் 'செல்லத்துரை, கே.' என்று இருக்கும். வேறொருவர் 'செல்லத்துரை கந்தையா' என்று சொல்லப் பதிந்திருந்தால் 'கந்தையா, எஸ்.' ஆகிவிடும். இரண்டு முறையிலும் தேட வேண்டும். நான் ஒரு முறையில் மட்டும் தேடி ஒரு வருடத்தைத் தொலைத்தேன்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். செல்லத்துரையின் முதல் எழுத்து ஆங்கில எஸ் ஆகவும் இருக்கலாம், சி-எச் ஆகவும் இருக்கலாம். நடுவில் வரும் 'த்து' D ஆகவோ TH ஆகவோ TT ஆகவோ வரும். கடைசி 'ரை' ஏ-ஐ, ஒய், ஏ-ஒய் என்று மாறும். கந்தையாவுக்கு கே-யும் உண்டு, பழைய வழக்கப்படி சி-யும் உண்டு. கனகசபை, கணபதிப்பிள்ளை போன்ற பெயர்களைச் சி-யில் எழுதிய தலைமுறை அது. பிள்ளை என்பதைத் தனியே பிரித்து அதையே குடும்பப்பெயராகப் பதிந்ததும் உண்டு.

கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். ஒவ்வொன்றையும் தேடி முடித்ததும் தேதி போட்டு வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரைத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஊர்ப்பெயரும் அப்படித்தான். ஆங்கிலப் பதிவில் பருத்தித்துறை 'பொயின்ற் பீற்றோ', ஊர்காவற்றுறை 'கேய்ட்ஸ்', நெடுந்தீவு 'டெல்ஃப்ட்'. வட்டுக்கோட்டைக்குப் பழைய எழுத்து 'பற்றிக்கோட்டா'. பல பேருக்கு வெறுமனே 'ஜஃப்னா, சிலோன்' என்று மட்டும் நிற்கும்.

4. உள்ளூர்க் கடதாசிகள்

கச்சேரியில் மரணச் சான்றிதழ் கேட்டுப் போவது வீண் அலைச்சல். பிறநாட்டில் நடந்த சாவு உங்கள் ஊர்ப் பதிவாளரின் புத்தகத்தில் இருக்க வழியில்லை. அங்கே கேட்க வேண்டியது பிறப்பும் கலியாணமும். பிறந்த வருடமும் தகப்பன், மனைவி பெயரும் பின்னால் ஆளை அடையாளம் பிடிக்க உதவும்.

காணி உறுதிகளை வடிவாக வாசியுங்கள். அவர் இறந்த பிறகு சொத்து கைமாறியிருந்தால், உறுதியில் உரிமை வந்த வழியைச் சொல்லும் இடத்தில் 'இன்ன வழக்கு இலக்கப்படி' என்று யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தின் மரணசாதன வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்து பற்றிய வழக்கு, குறிக்கப்பட்டிருக்கலாம். அந்த வழக்குக் கோப்பு கிடைத்தால் இறந்த தேதிக்கு அன்றைக்குக் காட்டிய ஆதாரமே உள்ளே இருக்கும். போருக்குள் அழிந்த கோப்புகள் உண்டு, ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

கல்வெட்டுகளை, அதாவது இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் புத்தகங்களை, மறக்க வேண்டாம். அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த புத்தகம் அவருக்கு இல்லாவிட்டாலும், பிறகு இறந்த அவர் சகோதரர்களின் கல்வெட்டில் குடும்ப வரலாறு இருக்கும். 'இரண்டாவது தமையனார் ஈப்போவில் உத்தியோகம் பார்த்து அங்கேயே காலமானார்' என்று ஒரு வரி கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். பழைய பத்திரிகைகளும் பள்ளிக்கூடச் சஞ்சிகைகளும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் நிறைய இருக்கின்றன. பழைய மாணவர் செய்திப் பக்கங்களை வாசியுங்கள்.

5. அவர் உண்மையில் படையினரா?

இதைக் கேட்டால் சில வீடுகளில் கோபம் வரும். ஆனால் இங்கே பிழைத்தால் பிழையான நாட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இலங்கையில் சேர்ந்தவர் என்றால் சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி, சிலோன் கரிசன் ஆட்டிலறி, கடற்படைத் தொண்டர் படை போன்றவை. மத்திய கிழக்குக்குப் போனவர் என்றால் ராயல் ஆர்மி சர்வீஸ் கோர் போன்ற பிரித்தானியப் பிரிவுகளைப் பாருங்கள்.

மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களில் சிலர் அங்குள்ள தொண்டர் படைகளில் இருந்தார்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது: வேலை பார்த்த ஊரை வைத்தே பட்டாலியனை ஊகிக்கலாம். ஐக்கிய மலாய் மாநிலத் தொண்டர் படையில் 1ஆவது பேராக், 2ஆவது சிலாங்கூர், 3ஆவது நெகிரி செம்பிலான், 4ஆவது பகாங். நீரிணைக் குடியேற்றத் தொண்டர் படையில் 1, 2 சிங்கப்பூர், 3 பினாங்கு, 4 மலாக்கா.

இந்திய தேசிய இராணுவத்தில், அதாவது நேதாஜியின் படையில் சேர்ந்தவர் என்றால் லண்டன் பக்கம் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்தப் படை தொடர்பான கோப்புகள் புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 'யப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவன்' என்று மட்டும் கதை இருந்தால் அது சயாம்–பர்மா ரயில் பாதையாக இருக்கலாம். 415 கிலோமீற்றர் பாதை, 1942–43இல் போட்டது. அதில் இறந்த ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குத் தனித்தனிப் பெயர்ப் பதிவே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, வீட்டில் வீண் நம்பிக்கை வளர்க்கக் கூடாது.

6. போர்க் கல்லறை ஆணையத்தில் தேடுதல்

பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடக் காசு இல்லை. 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இருந்து இறந்த எல்லோரும் அதில் வர வேண்டும். சண்டையில் செத்திருக்க வேண்டும் என்றில்லை. காய்ச்சல், லொறி விபத்து என்றாலும் சேர்த்தி. 'சண்டையில் செத்தவர்' என்று வீட்டில் சொன்னாலும் அந்தச் சொல்லை வைத்துத் தேடலைக் குறுக்க வேண்டாம்.

முதலில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் மட்டும் உங்கள் பட்டியலில் உள்ள வடிவங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதற்பெயரை நிரப்பாதீர்கள், பல பதிவுகளில் வெறும் தலைப்பெழுத்துத்தான் இருக்கும். எதுவும் வராவிட்டால் பெயரையே விட்டுவிட்டு, விரிவான தேடலில் மேலதிகத் தகவல் என்ற கட்டத்தில் 'ஜஃப்னா' என்று ஆங்கிலத்தில் போடுங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ஊர் இது என்று அந்தக் கட்டத்தில்தான் இருக்கும். பெயரை எவ்வளவு கொன்றிருந்தாலும் ஊர் காட்டிக் கொடுத்துவிடும். நான் அம்மப்பாவைப் பிடித்தது இப்படித்தான்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். போருக்குப் பிறகு குடும்பத்துக்கு ஒரு படிவம் அனுப்பி விவரம் கேட்டார்கள். முகவரி பிழை, ஆங்கிலம் வாசிக்க ஆளில்லை, படிவம் திரும்பிப் போகவில்லை, ஆகவே விவரமும் இல்லை.

பதிவு கிடைத்ததும் கீழே உள்ள ஸ்கான் படிகளையும் இறக்குங்கள். கல்லறைப் பதிவு அறிக்கை, உடலை வேறிடத்திலிருந்து மாற்றிய அறிக்கை போன்றவை இருக்கும். முதலில் எங்கே புதைத்தார்கள் என்பது சில வேளை அந்தத் தாளில் மட்டும்தான் தெரியும்.

கல்லறை இல்லை என்று வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயர் நினைவுச் சின்னத்தில் இருக்கும். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அப்படிப் பொறிக்கப்பட்டவை. மற்றது, சைவர்கள் என்பதால் தகனம் செய்தவர்கள். கிராஞ்சியிலும் எகிப்தின் அலமெய்னிலும் அவர்களுக்குத் தகன நினைவுச் சின்னங்கள் தனியே இருக்கின்றன. 'உடலை எறிந்துவிட்டார்கள்' என்று எழுபது வருடம் நம்பியிருந்த ஒரு குடும்பத்துக்கு இந்த ஒரு விவரம் பெரிய ஆறுதல்.

7. ஆள் அவர்தானா?

பெயர் கிடைத்த சந்தோஷத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை செல்லத்துரை! பெயரைத் தவிர இன்னும் இரண்டு விவரமாவது ஒத்துவர வேண்டும்: தகப்பன் பெயர், மனைவி பெயர், வயது, ஊர், வேலை பார்த்த இடம், இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வர வேண்டும். சித்தப்பா சொன்னதும் சித்தி சொன்னதும் ஒரு கதைதான், இரண்டு ஆதாரம் அல்ல.

8. இப்போது லண்டன்

இலக்கமும் பிரிவும் கையில் வந்துவிட்டதா? சரி, இனி லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலைத் திறக்கலாம். பட்டியலில் தேடக் காசில்லை, படி எடுக்கத்தான் காசு. தனிநபர் சேவைக் கோப்புகள் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அங்கே மாறிக்கொண்டிருக்கின்றன. கேட்க முன் இப்போது எந்தக் கைக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள்.

தனிக் கோப்பு கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. பட்டியலில் டபிள்யூ.ஓ. என்றால் போர் அலுவலகக் கோப்புகள், பக்கத்தில் நிற்பது வரிசை இலக்கம். டபிள்யூ.ஓ. 304 படையினர் இறப்புப் பட்டியல். பிறந்த இடமும் இறந்த களமும் அதில் குறியீடாக இருக்கும், குறியீட்டு விளக்கத்தையும் சேர்த்து எடுங்கள். டபிள்யூ.ஓ. 361 காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணைக் கோப்புகள். மலாயாக்காரர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். கூட நின்று தப்பியவர்கள் சொன்ன விவரங்களைத் தேட ஏற்ற இடம் இது. டபிள்யூ.ஓ. 345இல் யப்பானியர் எழுதிய கைதி அட்டைகள். அவற்றில் வருடம் ஷோவா என்ற யப்பானியப் பேரரசர் கால ஆண்டுக் கணக்கில் வரும், 17 என்றால் 1925ஐக் கூட்டி 1942. மலாயாவில் அன்றைக்கு எழுதிய வேறு கடதாசிகளில் 2602 என்று இருந்தால் அதுவும் யப்பானிய ஆண்டுக் கணக்குத்தான், 660ஐக் கழியுங்கள். அச்சுப்பிழை என்று நினைத்து ஒருவர் அந்தத் தாளையே ஒதுக்கி வைத்திருந்தார்.

படைப்பிரிவின் போர் நாட்குறிப்புகளும் உண்டு: மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிப் பக்கத்துக்கு 170, தென்கிழக்காசியாவுக்கு 172. அம்மப்பாவின் பெயரைத் தேடி இவற்றை எடுத்தால் ஏமாறுவீர்கள். அதிகாரிகளின் பெயர்தான் வரும். மற்றவர்கள் 'இறந்தோர் மூவர்' என்று எண்ணிக்கையாகத்தான் நிற்பார்கள். இறந்த தேதி தெரிந்தபின், அன்று அந்தப் பிரிவு எங்கே நின்றது என்று பார்க்கத்தான் இது.

மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தையும் பாருங்கள், வீட்டிலிருந்தே காசில்லாமல் வாசிக்கலாம். 1945க்குப் பிந்திய இதழ்களில் காணாமல் போனவர்களைத் தேடும் அறிவித்தல்களும் நினைவஞ்சலிகளும் வரும்.

9. பிழை திருத்தமும் பயணமும்

பெயர் எழுத்துப்பிழை, வயதுப் பிழை என்றால் கல்லறை ஆணையத்துக்கு ஆதாரத்தோடு எழுதலாம். பெயரே இல்லாதவரைச் சேர்க்கவும் விண்ணப்பிக்கலாம், ஆனால் சேவையில் இருந்ததற்கும் இறந்ததற்கும் அந்தக் காலத்துக் கடதாசி வேண்டும். பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையோடு எடுத்து வையுங்கள்.

நினைவுச் சின்னத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தூண் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். தூணில் முதலில் படைப்பிரிவு, அதன்கீழ் பதவி, அதன்பிறகுதான் குடும்பப்பெயர் அகரவரிசை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிராஞ்சிக்குப் போனபோது, பதிவில் எந்தப் பெயர் குடும்பப்பெயராக நிற்கிறது என்று தெரிந்திருந்தும், நான் பழக்கத்தில் அம்மப்பாவின் சொந்தப் பெயரின் எழுத்தில் அரை மணித்தியாலம் தேடிக்கொண்டு நின்றேன். அம்மாதான் பக்கத்து நிரலில் தன் அப்பப்பாவின் பெயரைக் கண்டு, அதன் பின்னால் நின்ற ஒற்றைத் தலைப்பெழுத்தில் விரலை வைத்தா.